மெனு கார்டைத் திருப்பிக் கொடுங்கள்: எங்கள் தெருமுனை உணவகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர் ஐயாவுக்கும், கல்லாவில் இருக்கும் மேலாளருக்கும், மேற்கு மாம்பலத்திலிருந்து உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருத்தியின் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் ஹாலில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மேலாளர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மெனு கார்டு கேட்ட 78 வயதுக்காரரிடம், "அதெல்லாம் எடுத்தாச்சு சார், டேபிள்ல ஸ்டிக்கர் இருக்கு, ஸ்கேன் பண்ணிக்கோங்க" என்று பதில் வந்தது. அவர் தன் பட்டன் போனை எடுத்துக் காட்டினார். "அப்போ வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க சார்" என்று அடுத்த பதில். அவர் என் அப்பா. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். அடுத்த மேசையில் இருந்த எங்கள் அடுக்ககத்துக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

என் கோரிக்கை சின்னது. அச்சடித்த மெனு கார்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கல்லாவுக்குமேல் முன்பு தொங்கிய விலைப் பலகையை மறுபடி மாட்டுங்கள். இவ்வளவுதான்.

அம்மா போனபிறகு அப்பாவின் ராத்திரிச் சாப்பாடு உங்கள் கடையில்தான். நான் வேலை முடிந்து தாம்பரத்திலிருந்து வந்து சேர எட்டரை, ஒன்பது ஆகிவிடும். அவருக்கோ ஏழு மணிக்குச் சாப்பிட்டு மாத்திரை போட்டாக வேண்டும். அயோத்தியா மண்டபம் வரை நடந்துவிட்டுத் திரும்பும் வழியில் உங்களிடம் டிபன். இந்தப் பேட்டையில் இப்படித் தனியாகச் சாப்பிட வரும் வயதானவர்கள் எத்தனை பேர் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகள் நியூஜெர்சியிலும் பெங்களூரிலும் இருக்க, சாயங்காலம் உங்கள் சன்னலோர மேசைகளை நிரப்புகிறவர்கள் அவர்கள்தான்.

அப்பா ரவா தோசைப் பிரியர். ஓரம் முறுகலாக, மிளகு தூக்கலாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவார். கொஞ்ச நாள் முன்பு அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் இருந்த உங்கள் பில்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே வரி: இட்லி ஒரு பிளேட், காபி ஒன்று. எந்த பில்லிலும் ரவா தோசையைக் காணோம். வயிறு சரியில்லையோ என்று பயந்து கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இட்லி என்ன விலைன்னு தெரியும்மா. மத்தது தெரியல. அந்தப் பையனைக் கேட்டா போனைப் பாருங்கன்னு சொல்றான். கல்லாவுல போய் வெலை விசாரிச்சுட்டு வந்து உக்கார முடியுமா?"

இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சற்று நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் பணம் இல்லாமல் இல்லை. மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. ஆனால் வாழ்நாள் முழுக்க விலையைப் பார்த்து, மனதுக்குள் கூட்டி, பிறகு ஆர்டர் சொல்லிப் பழகிய தலைமுறை அது. விலை தெரியாத பண்டத்தை அவர்கள் வாயால் கேட்க மாட்டார்கள். நாலு பேர் நடுவில் "எவ்வளவு?" என்று கேட்பது அவர்களுக்குக் கூச்சம். பலகை தொங்கியவரை அந்தக் கூச்சத்துக்கு வேலையே இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதை நீங்கள் கழற்றியபிறகு, பிடித்த பண்டம் பத்தடி தூரத்துக் கல்லில் வேகும் வாசனையை முகர்ந்தபடி என் அப்பா இட்லி சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிறார்.

சரி, ஸ்கேன் செய்தால் என்ன வருகிறது? நானே செய்து பார்த்தேன். முதலில் பெயர் கேட்டது. பிறகு மொபைல் எண். பிறகு ஓடிபி. பிறந்தநாளும் கல்யாண நாளும் கொடுத்தால் சலுகை உண்டாம். இரண்டு இட்லிக்கு ஜாதகம் ஒன்றுதான் பாக்கி. ஒருவழியாக உள்ளே போனால் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. படம் பெரிதாக, விலை எறும்பு ஊர்வதுபோல். அதுவும் வரி சேர்க்காத விலை, ஐந்து சதவீதம் பில்லில்தான் தலைகாட்டுகிறது. மூலை மேசையில் ஸ்டிக்கர்மேல் சாம்பார் காய்ந்துபோய், அதைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தபிறகுதான் போனுக்கே கண் தெரிந்தது. வாடிக்கையாளர் தன் மொபைல் எண்ணைத் தர மறுத்தால் அதை வற்புறுத்திக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் மேசையிலோ, எண்ணைத் தராவிட்டால் பொங்கல் என்ன விலை என்பதுகூடத் தெரியாது.

கார்டை எடுத்ததற்கு முதலில் ஒரு காரணம் இருந்தது, மறுக்கவில்லை. 2020 ஜூனில் உணவகங்களைத் திறக்க அனுமதித்தபோது, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் மெனு நல்லது என்று மத்திய சுகாதார அமைச்சகமே சொன்னது. அப்போது எல்லாரும் பொறுத்துக்கொண்டோம். முகக்கவசம் போய்விட்டது, வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானி போய்விட்டது, மேசைக்கு மேசை விட்ட இடைவெளியும் போய்விட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்தவர் நின்று அவர் எப்போது கை கழுவுவார் என்று பார்க்கிறார். ஸ்டிக்கர் மட்டும் போகவில்லை.

பரிமாறும் பையன்களின்மேல் எனக்குக் கோபமில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மடலைப் படித்துவிட்டு நீங்கள் அவர்களைத்தான் திட்டுவீர்கள். முன்பிருந்த சர்வர்கள் உட்கார்ந்த மாத்திரத்தில் இட்லி வடை பொங்கல் பூரி ரவா ஆனியன் ரவா நெய் ரோஸ்ட் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். கார்டு தேவையே படாது. அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். இப்போது இருக்கிறவர்கள் அஸ்ஸாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த சின்னப் பிள்ளைகள், அரைகுறைத் தமிழில் நாள் முழுக்க நின்றபடி ஓடுகிறார்கள். "முறுகலா" என்ற சொல்லுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? கையில் ஒரு கார்டு இருந்தால் அப்பா விரல் வைத்துக் காட்டுவார், அந்தப் பிள்ளை தலையாட்டிவிட்டுப் போவான். இரண்டு பேருக்கும் உபகாரமாக இருந்த ஒன்றை எடுத்துவிட்டு, இரண்டு பேரையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விட்டிருக்கிறீர்கள்.

விலை அடிக்கடி மாறுகிறது, அச்சடித்துக் கட்டுப்படியாகாது என்று மேலாளர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வணிக சிலிண்டர் விலை மாதத்தின் முதல் தேதி மாறுவது எனக்கும் தெரியும். காய்கறி, வாடகை, சம்பளம் எல்லாம் ஏறுகிறது. ஏற்றுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஏற்றியதைப் பலகையில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். இறங்கினாலும் எழுதலாம். 2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கும் வெண்ணெய்க்கும் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. உங்கள் நெய் ரோஸ்ட் ஒரு ரூபாயாவது இறங்கியதா? பலகை இருந்திருந்தால் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

சுவரில் இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது, அது சட்டப்படி இருக்க வேண்டியது, இருக்கட்டும். வேங்கடாசலபதிக்குப் பக்கத்தில் உங்கள் தகப்பனார் படம் மாலையோடு இருக்கிறது, அதுவும் இருக்கட்டும். பழைய பலகை இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய டிவி மாட்டியிருக்கிறீர்கள். அதில் உங்கள் கடையின் விளம்பரமே திரும்பத் திரும்ப ஓடுகிறது. உங்கள் கடைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டவர்களுக்கு உங்கள் கடைக்கு வரச்சொல்லி விளம்பரம்! அந்த நேரத்தில் விலைப்பட்டியலை ஓடவிட்டால் யாருக்கு நஷ்டம்?

பேட்டையில் எல்லா இடத்திலும் இதே கதைதான். வங்கியில் போய் நின்றால் செயலியில் பாருங்கள் என்கிறார்கள். மின்கட்டணமும் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டும் அந்தப் போனுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. அதற்கெல்லாம் அவருக்குப் பதில் நான் இருக்கிறேன். ஆனால் தோசையும் அப்படியா? காசு கொடுத்துச் சாப்பிட வருகிற மனிதர் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வர வேண்டுமா? கோபத்தில் எங்கெங்கோ போகிறேன், மன்னிக்கவும். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

ஸ்டிக்கரை எடுக்கச் சொல்லவில்லை. அதில் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கேட்கிறவருக்குக் கொடுக்க ஹாலில் நாலு மெனு கார்டாவது இருக்கட்டும். தமிழில், கண்ணாடி போடாமலும் படிக்கிற எழுத்தில், வரியும் சேர்த்த விலையோடு. கல்லாவுக்குமேல் ஒரு பலகை. கரும்பலகையும் சாக்பீஸும் ஆனாலும் சரி, தினம் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் சமையலில் எங்களுக்குக் குறையே இல்லை, இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன், வேறு கடைக்குப் போயிருப்போம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்தில் வேலை ஆகாது என்றால், முதல் கார்டை நானே கையால் எழுதி லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். விலையை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சன்னலோரத்து மூன்றாவது மேசைக்காரரின் மகள்,
மேற்கு மாம்பலம்.