நர்சம்மாவின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு மாவட்டம் எப்படித் தயாராகிறது என்று உங்கள் நாளிதழில் அரைப் பக்கத்துக்குச் செய்தி போட்டிருந்தீர்கள். மணல் மூட்டை, மரம் அறுக்கும் இயந்திரம், மின்கம்பம், படகு எல்லாம் எண்ணிக்கையோடு இருந்தன. சுகாதாரத் துறைக்கு மட்டும் ஒரே வரி: 'மருத்துவ முகாம்கள் தயார்.' அந்த ஒரு வரிக்குள் 28 வருஷம் வேலை பார்த்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

வேதாரண்யம் பக்கத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றேன். ஊரில் நர்சம்மா என்றால்தான் தெரியும். ஆஸ்பத்திரி வார்டில் நிற்கும் நர்ஸ் வேறு, நாங்கள் வேறு. சமவெளியில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர். மாநிலம் முழுக்க 8,700-க்கும் மேற்பட்ட துணை நிலையங்கள் இருக்கின்றன. கர்ப்பம் பதிவதும், தடுப்பூசி போடுவதும், வெயிலில் வீடு வீடாக நடப்பதும்தான் எங்கள் பிழைப்பு. அந்த நடையில் எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார், யாருக்குச் சர்க்கரை, எந்த மருமகள் எத்தனையாவது மாதம் என்பதெல்லாம் தானாக மனதில் ஏறிவிடும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் எங்கள் பக்கம் கரையேறியது. இரண்டு மூன்று நாள் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. பிரசவ தேதி நெருங்கிய தாய்மார்களை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லி உத்தரவும் வந்தது. நல்ல உத்தரவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. என் பதிவேட்டில் அப்படி ஏழு பேர். ஏழு பேரையும் ஒத்துக்கொள்ள வைத்துவிட்டேன்.

எட்டாவதாக ஒருத்தி இருந்தாள். அவள் என் பதிவேட்டிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் எங்கள் ஊர்க் கணக்கில் இல்லை. 14-ஆம் தேதி சாயங்காலம் குழாயடியில் பார்த்தேன். கை நிறையக் கண்ணாடி வளையல். யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தால், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போன குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. குடத்தை இடுப்பில் வைக்கக் குனிந்தபோது காலைப் பார்த்தேன். கொலுசு கணுக்காலில் அழுந்திப் பள்ளமாகத் தடம் விழுந்திருந்தது. முகமும் லேசாக ஊதியிருந்தது. குடத்தை வாங்கி வைத்துவிட்டு அங்கேயே திண்ணையில் உட்கார வைத்து பி.பி. பார்த்தேன். 150-க்கு 100. பத்து நிமிஷம் விட்டு மறுபடி பார்த்தேன், அதே அளவு. கர்ப்பிணிக்கு இது ஆபத்து, வலிப்பு வரை கொண்டுபோய்விடலாம். தாய் சேய் அட்டையைக் கேட்டால், அது டிரங்குப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருந்தது. பிரசவ தேதி நவம்பர் 26.

தலைப்பிரசவத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கையில் ஆஸ்பத்திரியில் போய் உட்காருவதா என்று அவளுடைய அம்மாவுக்குக் கோபம். "77 புயலையே பார்த்தவங்க நாங்க" என்று பாட்டி வேறு. கடைசியில் வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரை மணிக்குத்தானே, ஒரு மணிக்கே கிளம்பிவிடலாம் என்று நான் சொன்ன பிறகுதான் அசைந்தார்கள். ஆட்டோவுக்கு 600 ரூபாய் என் பையிலிருந்து போனது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அன்று நள்ளிரவு தாண்டி அடித்த காற்றைப் பற்றி உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை சட்டென்று ஓய்ந்தது. முடிந்தது என்று ஜனங்கள் வெளியே வந்தார்கள். பிறகு எதிர்த்திசையிலிருந்து பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் தெருவே தெரியவில்லை, தென்னை மேல் தென்னையாகக் கிடக்கிறது. எங்கள் ஊர்ச் சாலையில் 108 வண்டி நுழைய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டாம் நாள்தான் அவளுக்கு வலிப்பு வராமலிருக்க மருந்தெல்லாம் கொடுத்துப் பிரசவம் பார்த்தார்கள், மருத்துவமனையில். அதே நேரம் அவள் ஊரில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத எனக்கு மனசில்லை.

புயலுக்குப் பிறகு வரும் வேலைதான் நீளம். மரம் அறுக்கப் போனவர்களுக்கு ஆணியும் தகரமும் கிழித்த காயம், அதற்கு டி.டி. ஊசி. வெள்ளத்தோடு வரும் பாம்பு. மாத்திரை டப்பா பறந்துபோன சர்க்கரைக்காரர்கள். கரண்ட் இல்லாமல் தடுப்பூசியை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைத்துக் காப்பாற்றுவது ஒரு தனிப் போராட்டம். ஐஸ் பேக்குக்கு எங்கே ஜெனரேட்டர் ஓடுகிறது என்று தேடி அலைந்தோம். சுகாதார ஆய்வாளர் ப்ளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும் வரை பொறுத்து, மேல் தண்ணீரை மட்டும் கிணற்றில் இறக்குவார். ஒரு மணி நேரம் யாரும் மொள்ளக் கூடாது. அதுவரை கிணற்றடியில் காவல் நிற்பது என் வேலை. தாகத்தோடு வந்தவர்களிடம் வாங்கிய வசவு கொஞ்சமில்லை.

என் வீட்டு ஓடும் பாதி போய்விட்டது. நாலாம் நாள்தான் போய்ப் பார்த்தேன். சரி, அது எல்லாருக்கும் நடந்ததுதான். ஆனால் அதே வாரத்தில் 'தினசரி அறிக்கை குறித்த நேரத்தில் அனுப்பவில்லை' என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. எந்த அலுவலகம், யார் கையெழுத்து என்பது இப்போது வேண்டாம். டவர் எல்லாம் சாய்ந்து கிடந்தது. செல்போனுக்கு 20 ரூபாய் கொடுத்து ஜெனரேட்டர் கடையில் சார்ஜ் போட்டு, சிக்னலுக்காக மேல்நிலைத் தொட்டி ஏணியில் ஏறி நின்றவளிடம் கேட்ட விளக்கம் அது. பதில் எழுதிக் கொடுத்தேன். ஏணி விஷயத்தை மட்டும் எழுதவில்லை, அதற்கும் ஒரு மெமோ வரும் என்ற பயம்தான்.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பருவமழைக்கு முன் ஊரளவில் கூட்டம் போடுகிறார்கள். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர், மின்வாரியத்துக்காரர் எல்லாரும் உட்காருவார்கள். நாற்காலி இருந்தால் செவிலியரும் உட்காரலாம், கூப்பிட மறந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அவரை அந்தக் குழுவில் பெயரோடு சேர்க்க வேண்டும். பிரசவ தேதி நெருங்கியவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள் என்று அவர் வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்த பிறகே எந்த வீட்டுக்கு முதலில் வண்டி அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். வண்டிக் கூலிக்கென்று அவர் கையில் ஒரு சிறு தொகையும் இருக்கட்டும்.

கம்ப்யூட்டரில்தான் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, கரண்டும் டவரும் இருக்கும் வரை. அதோடு, கம்ப்யூட்டர் புருஷன் வீட்டு ஊரைத்தான் சொல்லும். தாய்வீட்டுக்கு வந்தவளை அங்கன்வாடி டீச்சரும் குழாயடியும்தான் சொல்லும். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு சர்க்கரை, பி.பி. மாத்திரை வாங்குபவர்களின் விவரமும், படுக்கையாகக் கிடப்பவர்களின் விவரமும் ஊர்வாரியாக இருக்கின்றன. கஜா சமயத்தில் அந்த வசதி எனக்கு இல்லை. அந்த விவரத்தையும் செவிலியரின் பிரசவ தேதிப் பட்டியலையும் சேர்த்தால் ஒரு ஊருக்கு ஒன்றிரண்டு தாள்தான் வரும்.

பாதுகாப்பு மையங்களைப் பற்றியும் ஒன்று. சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் கட்டிய கட்டடங்கள் பலமானவைதான், கஜாவில் ஆயிரக்கணக்கானோர் அவற்றில்தான் தங்கினார்கள். ஆனால் நான் இருந்த மையத்தில் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி ஒரு தனி அறை கர்ப்பிணிகளுக்குக் கிடைக்கவில்லை. ஐந்து நாள் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள், நான் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுனாமி நேரத்தில் எத்தனையோ மாவட்டங்களிலிருந்து எங்களைப் போன்றவர்கள் நாகைக்கு வந்து வாரக்கணக்கில் முகாம்களில் கிடந்தார்கள். 6,000 பேருக்கு மேல் செத்த மாவட்டத்தில் அதன் பிறகு பெரிய தொற்றுநோய் எதுவும் வெடிக்கவில்லை. வெடிக்காத ஒன்று செய்தியாகாது, அதனால் உங்களையும் குறை சொல்ல முடியாது.

இப்போது என் பழைய துணை நிலையத்தில் இருக்கும் பெண், பக்கத்து நிலையத்தையும் சேர்த்துக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறாள். போன வாரம் போனில் பேசினாள். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்கான பிரசவ தேதிப் பட்டியலை நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறாளாம், தாய்வீட்டுக்கு வந்தவர்களைச் சிவப்பு மையில். யாராவது கேட்டார்களா என்றேன். இன்னும் இல்லை, அக்கா என்றாள். ஜெராக்ஸ் எடுக்க இரண்டு ரூபாய் ஆகும். இந்த வாரமே யாராவது போய் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.