அச்சுக்கோடு போலியின் அடையாளம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய அமெரிக்கக் கண்ணாடி மெழுகுவர்த்தித் தாங்கிகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் இரண்டு பிழைகள் உள்ளன. இரண்டாவது பிழை பொருளையே உடைத்துவிடக்கூடியது.

'அச்சுக்கோடு தெரிந்தால் போலி' என்பது முதல் பிழை. அந்தத் தாங்கிகளில் பெரும்பாலானவை உருகிய கண்ணாடியை உலோக அச்சில் இட்டு அழுத்திச் செய்தவை. மாசசூசெட்ஸில் 1818இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து கண்ணாடி நிறுவனமும், அங்கேயே சாண்ட்விச் என்ற ஊரில் 1825இல் டெமிங் ஜார்விஸ் தொடங்கிய கண்ணாடி ஆலையும் இதில்தான் பேர் வாங்கின. அச்சின் துண்டுகள் கூடும் இடத்தில் கோடு விழத்தான் செய்யும்.

பார்க்க வேண்டிய இடம் கழுத்து. மெழுகுவர்த்தி நிற்கும் குழிப்பகுதியைத் தனியாகவும் அடிப்பகுதியைத் தனியாகவும் அழுத்தி, இடையில் சூடான கண்ணாடி வில்லை ஒன்றை வைத்து ஒட்டினார்கள். சேகரிப்பவர்கள் அதை வேஃபர் என்பார்கள். சற்றே கோணலாக, ஓரம் பிதுங்கி, விரலுக்குத் தட்டுப்படும். இப்படித் தனித்தனியாகச் செய்ததால்தான் ஒரே கிரேக்கத் தூண் அடியின் மேல் இதழ் வடிவக் குழியையும் வைக்க முடிந்தது, திமிங்கில எண்ணெய் விளக்கையும் வைக்க முடிந்தது. டால்பின் வடிவில் செய்த பால்வெள்ளை அடியின் மேல் நீலக் குழி அமர்ந்திருக்கும் அழகும் இந்த ஒட்டுவேலை தந்ததுதான். பின்னாளில் வந்த நகல்கள் பல ஒரே வார்ப்பு. அவற்றில் வேஃபர் இருக்காது. ஆனால் வேஃபர் இருப்பதை மட்டும் வைத்துப் பழையது என்று முடிவு கட்டவும் கூடாது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காகச் செய்த டால்பின் நகல்களில் எம்.எம்.ஏ. என்ற எழுத்துகள் இருக்கும். மஞ்சள் கண்ணாடி புற ஊதா டார்ச் ஒளியில் பச்சையாக ஒளிர்ந்தால் அதில் யுரேனியம் இருக்கிறது என்று மட்டுமே பொருள். 20ஆம் நூற்றாண்டிலும் யுரேனியக் கண்ணாடி செய்தார்கள்.

இரண்டாவது, உறைந்த மெழுகை எடுக்க ஃப்ரீஸரில் வைக்கச் சொன்னது. தடித்த கண்ணாடி ஒரே சீராகக் குளிராது. வெளிப்பக்கம் சுருங்கும்போது உள்ளே சூடு தங்கியிருக்கும். அந்த இழுவிசையில் வேஃபர் ஒட்டு விட்டுவிடும். கொதிநீரும் இதே கேட்டைச் செய்யும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். மெழுகு இளகியதும் மரக்குச்சியால் நெம்பாமல் வழித்தெடுத்து, மெல்லிய துணியால் துடையுங்கள். கத்தி வேண்டாம்.

தாங்கியைக் குழியைப் பிடித்துத் தூக்காமல் அடியோடு சேர்த்து ஏந்துங்கள். மெழுகுவர்த்தி இறுக்கமாக இருந்தால் அதன் அடியைச் சீவுங்கள். குழிக்குள் திருகி அழுத்தினால் விளிம்பு பிளக்கும். மின்விளக்காக்குவதற்குத் துளையிட்டால் அந்தத் துண்டு அத்தோடு போயிற்று. ஒளிதான் வேண்டுமென்றால் பேட்டரி மெழுகுவர்த்தி போதும். மெழுகுவர்த்தியே ஏற்றுவதானால், குழிக்கு மேல் இரண்டு அங்குலம் மிச்சம் இருக்கும்போதே அணைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழங்கண்ணாடி ஆர்வலர் ஒருவர்