எம்.ஜி.எம். சிங்கங்கள்: நண்பருக்கு ஒரு கடிதம்

திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் நாளிதழை நீங்களே படிக்கிறீர்கள் என்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கே நாங்கள் அனைவரும் நலம். மகள் வேலை மாற்றலாகி ஓசூருக்குக் குடிபோய்விட்டதால் வீடு அமைதியாகிவிட்டது; மாலை நேரங்களில் பழைய ஆங்கிலப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். இந்தச் சமயத்தில், எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தின் படங்கள் தொடங்கும்போது வளையத்துக்குள்ளிருந்து கர்ஜிக்குமே, அந்த முகப்புச் சிங்கத்தைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பது எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலாயிற்று. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பேரன் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிங்கத்தை மேசைமேல் கட்டிப் படுக்கவைத்து, அதன் தலையை ஒரு வட்ட வளையத்துக்குள் நுழைத்து, இப்படிக் கொடுமைப்படுத்தித்தான் அந்த லோகோவைப் படமாக்கினார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அது முழுப்பொய். அந்தப் புகைப்படம் 2005இல் இஸ்ரேலில் நோயுற்ற ஓர் இளம் சிங்கத்துக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தபோது பிடிக்கப்பட்டது. வளையமாகத் தெரிவது ஸ்கேன் கருவியின் வாய். லோகோவில் இருக்கும் வளையம் பிற்பாடு படச்சுருளில் சேர்க்கப்பட்ட சித்திரம். ஒரு விலங்குக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களின் வேலையைச் சித்திரவதை என்று பரப்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. படப்பிடிப்பு முடிந்ததும் சிங்கம் தன் பயிற்சியாளரைக் கொன்றுவிட்டது என்ற கதையும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

உண்மையான வரலாறு இந்தக் கட்டுக்கதைகளைவிடச் சுவையானது. நாம் ஒரே சிங்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் பல சிங்கங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தனி வாழ்க்கையும் இருந்தன. சினிமா ஒவ்வொரு புதிய திறனைப் பெற்றபோதும் பழைய சிங்கம் போதாமல் போய், புதிதாக ஒன்று திரைக்கு வந்தது. அந்த லோகோவை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் சினிமாத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சி முழுவதும் அதிலேயே தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

அந்தச் சிங்கம் எம்.ஜி.எம். நிறுவனத்தைவிட மூத்தது. 1916இல் தொடங்கப்பட்ட கோல்ட்வின் பிக்சர்ஸ் நிறுவனத்துக்காக ஹாவர்ட் டீட்ஸ் என்ற இளம் விளம்பரக்காரர் அதை உருவாக்கினார். அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்தப் பல்கலைக்கழகத்து விளையாட்டு அணிகளின் சின்னம் சிங்கம். தாம் படித்த இடத்தின் மீதான பற்றை அவர் அப்படியே ஒரு சினிமாக் கம்பெனியின் நெற்றியில் ஒட்டிவிட்டார். கலை கலைக்காகவே என்னும் பொருளுடைய லத்தீன் வாசகத்தையும் அவரே சேர்த்தார். பின்னாளில் அவர் நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்களுக்குப் பாட்டெழுதிப் புகழ்பெற்றார் என்றாலும், அவருடைய எந்தப் பாட்டும் இந்தச் சிங்கத்தின் அளவுக்கு உலகம் சுற்றவில்லை. 1924இல் மார்க்கஸ் லோ என்ற திரையரங்கு அதிபர் மெட்ரோ, கோல்ட்வின், லூயி பி. மேயர் ஆகிய மூன்று நிறுவனங்களை ஒன்றாக்கியபோது, கோல்ட்வின் பங்காக கல்வர் சிட்டி ஸ்டுடியோவும் இந்தச் சிங்கமும் வந்து சேர்ந்தன. சாமுவேல் கோல்ட்வின் அதற்கு முன்பே தம் நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார். தம் பெயரைத் தாங்கிய எம்.ஜி.எம்.மில் அவர் ஒரு நாளும் பங்காளியாக இருந்ததில்லை.

எம்.ஜி.எம். பெயரில் வந்த முதல் சிங்கம் ஸ்லாட்ஸ். அது 1919இல் அயர்லாந்தின் டப்ளின் விலங்குக்காட்சிச் சாலையில் பிறந்தது. அது திரையில் கர்ஜிக்கவில்லை. பேசாப் படக் காலமாதலால் கர்ஜிக்க வேண்டிய தேவையும் இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பி அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதைப் பழக்கிய வால்னி ஃபைஃபர் என்பவர் விளம்பரத்துக்காக அதை ஊர் ஊராக அழைத்துச் சென்றார். 1936இல் அது இறந்தபோது, நியூஜெர்சி மாநிலத்தில் கில்லெட் என்னும் ஊரிலிருந்த தம் பண்ணையிலேயே அதைப் புதைத்தார். தொழிலுக்காக வளர்த்த விலங்கைத் தம் சொந்த நிலத்தில் அடக்கம் செய்தவரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

1928இல் ஒலி வந்தது; அதனுடன் ஜாக்கியும் வந்தது. என்னைக் கேட்டால் எல்லாச் சிங்கங்களிலும் இதுவே தலைசிறந்தது. ‘ஒயிட் ஷேடோஸ் இன் த சவுத் சீஸ்’ என்ற படத்தில்தான் எம்.ஜி.எம். சிங்கத்தின் குரலை மக்கள் முதன்முதலாகக் கேட்டார்கள். அந்தக் குரல் இசைத்தட்டில் பதிவு செய்யப்பட்டு, படம் ஓடும்போது அதனுடன் இணைத்து ஒலிக்கவிடப்பட்டது. ஒலிப்பதிவின்போது எடுத்த புகைப்படம் ஒன்று இன்றும் கிடைக்கிறது. ஓர் உயரமான மேடையில் ஜாக்கி அமர்ந்திருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் கேமராவுக்குப் பின்னால் குனிந்திருக்கிறார். இன்னொருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு இருக்கிறார். நடுவே கம்பி எதுவும் தெரியவில்லை. திரையில் அது செய்வதையும் கவனித்துப் பாருங்கள். முதலில் மெல்லிய உறுமல், அதைத் தொடர்ந்து கொஞ்சம் உரத்த உறுமல், சிறு இடைவெளி, மீண்டும் ஒன்று. பிறகு ஏதோ ஒன்று கவனத்தை ஈர்த்தது போல முகத்தைத் திருப்பித் திரைக்கு வெளியே பார்க்கிறது. யாரையும் மிரட்டும் எண்ணம் அதனிடம் இல்லை. கேமராவைப் பொருட்படுத்தாத அந்தக் கம்பீரம் பின்னால் வந்த எதற்கும் வாய்க்கவில்லை.

ஜாக்கிக்கு ‘அதிர்ஷ்டக்கார லியோ’ என்ற பட்டப்பெயரும் உண்டு; லியோ என்பது எல்லாச் சிங்கங்களுக்கும் நிறுவனம் வழங்கிய விளம்பரப் பெயர். 1927 செப்டம்பரில் எம்.ஜி.எம்.மின் விளம்பரப் பிரிவு ஒரு விபரீதமான ஏற்பாட்டைச் செய்தது. சிறு விமானம் ஒன்றில் கண்ணாடியிட்ட கூண்டு அமைத்து, அதற்குள் சிங்கத்தை ஏற்றி, சான் டியேகோவிலிருந்து நியூயார்க்கு வரை இடைநில்லாமல் பறக்கவிடுவது என்று திட்டம். லிண்ட்பர்க் என்ற விமானி தனியாளாக அட்லாண்டிக் பெருங்கடலைப் பறந்து கடந்து சில மாதங்களே ஆகியிருந்ததால் விமானப் பைத்தியம் நாடெங்கும் பிடித்திருந்த காலம் அது. அவருடைய விமானத்தைச் செய்த ரையன் நிறுவனத்தின் விமானத்தையே இதற்கும் எடுத்தார்கள். மார்ட்டின் ஜென்சன் என்பவர் ஓட்டினார். அரிசோனா மலைப்பகுதியில் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறப் போதிய வலு இல்லாமல் விமானம் மரங்களில் மோதி விழுந்தது. மனிதருக்கும் சிங்கத்துக்கும் பெரிய காயமில்லை. ஜென்சன் தம்மிடமிருந்த உணவையும் தண்ணீரையும் சிங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, உதவி தேடிக் காட்டில் நடந்தே போனார். அவர் ஆட்களைக் கண்டுபிடித்துச் சொல்லி, அவர்கள் வந்து சேரச் சில நாட்களாயின. அதுவரை கூண்டுக்குள் காத்திருந்த சிங்கம் உயிரோடு மீட்கப்பட்டது. விளம்பரத்துக்காக ஓர் உயிரை இவ்வளவு பெரிய ஆபத்தில் மாட்டியது எந்த வகையிலும் நியாயமில்லை. கூட்டிப்போன மனிதர் தமக்கிருந்த உணவை விட்டுச்சென்றது ஒன்றே அதில் ஆறுதல்.

ஜாக்கி பிற்காலத்தில் பிலடெல்ஃபியா விலங்குக்காட்சிச் சாலைக்கு அனுப்பப்பட்டு, 1935இல் அங்கேயே இறந்துவிட்டது. ஆனால் கறுப்பு வெள்ளைப் படங்களின் தொடக்கத்தில் அது 1956 வரை கர்ஜித்துக்கொண்டே இருந்தது. உயிரோடிருந்து திரையில் தோன்றிய காலத்தைவிட, இறந்த பிறகு தோன்றிய காலம்தான் நெடியது.

அடுத்து வந்தது வண்ணம். டெக்னிகலர் என்னும் வண்ணப்பட முறையின் தொடக்க வடிவமான இருநிற முறையில் எடுத்த படங்களுக்காக டெலி, காஃபி என்ற சிங்கங்களைப் பயன்படுத்தினார்கள். அவற்றின் காலம் குறுகியது. அந்த வண்ணமுறையே சீக்கிரம் வழக்கொழிந்துபோனது. மூன்று நிறங்களையும் தனித்தனிப் படச்சுருளில் பதிக்கும் முழு டெக்னிகலர் வந்தபோது டேனர் வந்தது. டேனரை உங்கள் பேரனுக்கும் நன்றாகத் தெரியும், பெயர்தான் தெரியாது. பழைய டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூன்கள் தொடங்குமுன் ஆவேசமாகக் கர்ஜிக்கும் சிங்கம் அதுதான். பின்னர் 1963 முதல் சக் ஜோன்ஸ் என்ற இயக்குநர் எடுத்த டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் சிங்கம் மறைந்து, அந்த வளையத்துக்குள் டாம் பூனையே வந்து மியாவ் என்று கத்தும்.

இரண்டு சிங்கங்கள் ஒரே காலத்தில் வேலையைப் பங்கிட்டுக்கொண்டதால் ஓர் அழகான விஷயம் நடந்தது. 1939இல் வந்த ‘த விசார்ட் ஆஃப் ஆஸ்’ வண்ணப் படமாக உலகப்புகழ் பெற்றது என்றாலும், அதன் தொடக்கத்தில் நாம் பார்ப்பது டேனரை அல்ல, செம்பழுப்புச் சாயலில் ஜாக்கியை. கதை கான்சஸ் மாநிலத்துப் பண்ணையில் செம்பழுப்பில் தொடங்கி, கதாநாயகி டோரத்தி கதவைத் திறந்த பிறகே வண்ணத்துக்கு மாறுகிறது. லோகோவிலேயே வண்ணத்தைக் காட்டியிருந்தால் அந்தக் கதவுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

1956இல் அடர்ந்த பிடரியோடு ஜார்ஜ் என்ற சிங்கம் வந்தது. நீண்ட நாள் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்தது லியோ. அதுவரை எல்லாச் சிங்கங்களுக்கும் பொதுவாக வழங்கிய விளம்பரப் பெயரைத் தன் சொந்தப் பெயராகக் கொண்டது இது. படமெடுத்தபோது வயதில் மிகவும் இளையது. அதனால்தான் பிடரி மற்றவற்றைவிடக் குறைவாகத் தெரிகிறது. நாம் இருவரும் தியேட்டரில் பார்த்து வளர்ந்தது இந்த முகத்தைத்தான்.

‘பென்-ஹர்’ நினைவிருக்கிறதா? 1959இல் வந்த அந்தப் படத்தில் சிங்கம் வாய் திறப்பதில்லை. அசையாத படமாக நிற்கிறது. படம் இயேசுவின் பிறப்புக் காட்சியோடு தொடங்குவதால், அதற்கு முன்னால் கர்ஜனை பொருந்தாது என்று இயக்குநர் வில்லியம் வைலர் கருதினார். ஸ்டுடியோவின் பெருமையைவிடப் படத்தின் உணர்வு பெரிது என்று ஓர் இயக்குநர் சொல்லி, ஸ்டுடியோவும் அதற்கு இணங்கியது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

அறுபதுகளின் நடுவில் எல்லாவற்றையும் நவீனமாக்கும் ஆர்வத்தில் உயிருள்ள சிங்கத்தை நீக்கிவிட்டு, வட்டத்துக்குள் கோட்டுச் சித்திரமாக ஒரு சிங்க முகத்தை வைத்துப் பார்த்தார்கள். ‘கிராண்ட் பிரீ’, ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ போன்ற ஒருசில படங்களிலேயே அது வந்தது. இயக்குநர் குப்ரிக் எடுத்த ‘2001’ படத்துக்கு அந்த அசைவற்ற குளிர்ந்த சின்னம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் லியோ விரைவிலேயே திரும்பி வந்துவிட்டது. அந்தச் சித்திரம் பிறகு நிறுவனத்தின் இசைத்தட்டு உறைகளில் தொடர்ந்தது.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ஸ்டீரியோ ஒலி பரவிய பிறகு பழைய கர்ஜனை மெலிந்து ஒலித்தது. 1982இல் ‘போல்டர்கைஸ்ட்’ படத்துக்காக ஒலி வடிவமைப்பாளர் மார்க் மாங்கினி புதிய கர்ஜனையை உருவாக்கியபோது, சிங்கத்தின் இயல்பான குரலில் அவர் தேடிய மூர்க்கம் கிடைக்கவில்லை என்று புலிகளின் உறுமல்களைச் சேர்த்தார். ஆக, பல ஆண்டுகளாகச் சிங்கத்தின் வாயிலிருந்து வருவதாக நாம் கேட்டு வந்தது புலியின் குரல்! அது கேட்க அற்புதமாக இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். எனினும் ஜாக்கியின் கரகரத்த சொந்தக் குரலே என் மனத்துக்கு நெருக்கமானது.

நிறுவனம் கைமாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986இல் டெட் டர்னர் என்ற தொலைக்காட்சி அதிபர் எம்.ஜி.எம்.மை வாங்கிச் சில மாதங்களில் விற்றபோது, அதுவரை அது எடுத்த படங்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அவை பின்னர் வார்னர் பிரதர்ஸ் வசமாயின. கல்வர் சிட்டி ஸ்டுடியோ இன்று சோனியின் கையில். ஜாக்கியும் டேனரும் கர்ஜிக்கும் படங்கள் ஓரிடத்தில், அவை எடுக்கப்பட்ட தளம் இன்னோரிடத்தில். சிங்கம் மட்டும் பெயரோடு ஒட்டிக்கொண்டு 2022இல் அமேசானிடம் போய்ச் சேர்ந்தது.

அதற்கு முந்தைய ஆண்டே உயிருள்ள சிங்கத்தின் காலம் முடிந்துவிட்டது. 2021இல் லியோவை முன்மாதிரியாகக் கொண்டு முழுவதும் கணினியில் உருவாக்கிய சிங்கம் வந்தது. ‘நோ டைம் டு டை’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படம் தொடங்கும்போது அதைப் பார்க்கலாம். பிடரியின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிகிறது. இனி எந்த விலங்கையும் இதற்காகக் கூண்டில் அடைக்க வேண்டியதில்லை, விமானத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்பதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சிங்கம் திரைக்கு வெளியே எதையும் பார்ப்பதில்லை; பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. இந்தக் குறையை அதைச் செய்தவர்களின் குற்றமாக நான் சொல்லவில்லை.

கண்ணுக்கு அதிக வேலை கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். ஆகவே முழுப் படங்களை இப்போது பார்க்க வேண்டாம். ‘த விசார்ட் ஆஃப் ஆஸ்’, ஏதேனும் ஒரு பழைய டாம் அண்ட் ஜெர்ரி, ‘பென்-ஹர்’ ஆகியவற்றின் முதல் நிமிடத்தை மட்டும் பேரனைப் போட்டுக் காட்டச் சொல்லி, இதே வரிசையில் பாருங்கள். மூன்றில் எந்தச் சிங்கம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள் அன்பு நண்பன்