உச்சிக்கு வரும் வியாழன்: பண்டாரவளையில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பின வியாழன் படத்தை லெப்டொப்பில் பெரிதாக்கி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுறேன். கூடவே நீ கேட்ட இரண்டு சாமானையும், நிறப்பிரிகையைத் திருத்தும் அந்தப் பட்டகக் கருவியையும் மோட்டார் வைத்த தொலைநோக்கித் தாங்கியையும், இப்போதைக்கு வாங்காதே. காரணம் சொல்றேன்.

உன் படத்தில் மூன்று குறை இருக்கு. மூன்றும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை. வட்டத்தின் ஒரு விளிம்பு நீலமாகவும் எதிர் விளிம்பு சிவப்பாகவும் இருக்கு இல்லையா? கிரகம் அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது எடுத்தது அது. அந்த உயரத்தில் காற்றே ஒரு பட்டகம் மாதிரி வேலை செய்து நிறங்களைப் பிரித்துவிடும். இலண்டனில் இருக்கிறவர்களுக்குச் சில வருடங்கள் கிரகங்கள் கூரை உயரத்துக்கு மேலே வரவே வராது, அவர்களுக்கு அந்தக் கருவி தேவை. நாம் இருப்பது வடக்கே 7 பாகையில். கிரகங்கள் நடக்கிற பாதை நம் தலைக்கு மேலாலேயே போகுது. இரண்டு மணித்தியாலம் பொறுத்தால் கருவி செய்கிற வேலையை வானமே செய்து தரும். மிச்சம் மீதி நிறம் தெரிந்தால் பிரேம்களை அடுக்கும் மென்பொருளான ஆட்டோஸ்டாக்கெர்ட்டில் நிறங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தும் வசதி போதும்.

இரண்டாவது, படம் முழுக்க ரோஜா நிறம் பூசின மாதிரி இருக்கு. கமெராவுக்கு முன்னால் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் வெட்டும் வடிகட்டியைப் போட மறந்திருக்கிறாய். உன் கமெராவில் இருக்கிற ஐஎம்எக்ஸ் 462 சில்லுக்கு அகச்சிவப்பு நம் கண்ணுக்குப் பச்சை மாதிரி, நன்றாகவே தெரியும். வடிகட்டி இல்லாவிட்டால் நிறமும் போகும், மேகப் பட்டைகளின் வேறுபாடும் போகும். வாங்குவதென்றால் இதைத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். பட்டைகளில் உள்ள முடிச்சுகள் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருக்கு. பத்து நிமிடம் தொடர்ந்து எடுத்ததாக எழுதியிருந்தாய். கணக்குப் போட்டுப் பார். வியாழன் ஒரு சுற்றுச் சுற்ற 9 மணி 56 நிமிடம், அதாவது நிமிடத்துக்கு 0.6 பாகை. பெப்ரவரியில் அதன் விட்டம் 45 விகலை (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்குதான் விகலை), ஆரை 22.5. வட்டத்தின் நடுவில் உள்ள ஒரு புள்ளி நிமிடத்துக்கு 0.24 விகலை நகரும். உன் 200 மில்லிமீற்றர் தொலைநோக்கியின் குவியத்தூரம் 1200, குவியத்தூரத்தைக் கூட்டும் பார்லோ வில்லையில் இரண்டு மடங்கு போட்டால் 2400. கமெராவின் பிக்சல் 2.9 மைக்ரோமீற்றர். ஒரு பிக்சலுக்கு விழுவது 0.25 விகலை. ஆக நிமிடத்துக்கு ஒரு பிக்சல்! பத்து நிமிடத்தில் சிவப்புப் பொட்டு பத்துப் பிக்சல் தள்ளிப் போயிருக்கும். உன் ஆடியால் பிரித்துக் காட்டக்கூடியது சுமார் 0.6 விகலை என்பதால் இரண்டு நிமிடம்தான் எல்லை. சனிக்கு ஐந்து நிமிடம் வரை போகலாம், அதில் இழுபடுகிற அளவுக்கு விவரம் குறைவு. செவ்வாய் ஒரு பிக்சல் நகர எட்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கும், அங்கே அவசரமே இல்லை.

இனி மோட்டார் தாங்கி. துருவ அச்சில் திரும்பும் தாங்கிகள் பெரும்பாலும் உயர்ந்த அகலாங்கு நாடுகளை மனதில் வைத்துச் செய்தவை. இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 7 பாகைதான். உனக்கு வடக்கே ஒரு மலை முகடு இருந்தால் அது கண்ணில் படவே படாது. அச்சை அவ்வளவு தாழ்த்தப் பல தாங்கிகளின் திருகு இடம் தராது. தந்தாலும் எதிர்ப்பாரம் முக்காலியின் காலில் போய் இடிக்கும். நீ வைத்திருக்கிற மரப்பெட்டித் தாங்கியிலேயே நல்ல படம் எடுக்கலாம். எப்படி என்றால், தொலைநோக்கியை அசைக்காமல் வைத்து, கிரகத்தைச் சில்லின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடவிட்டு எடுக்க வேண்டும்.

முதலில் கமெராவைத் திருகி, கிரகம் ஓடுகிற திசை படத்தின் நீளப்பக்கத்துக்குச் சமாந்தரமாக வரும்படி வை. அகலம் 1936 பிக்சல் முழுவதும் இருக்கட்டும், உயரத்தை 600 ஆகக் குறை. உயரம் குறைந்தால்தான் வேகம் கிடைக்கும். 1936 பிக்சல் என்றால் 480 விகலைக்குக் கொஞ்சம் மேல். வானம் விநாடிக்கு 15 விகலை ஓடுது. வியாழனின் சொந்த அகலத்தைக் கழித்தால் ஓர் ஓட்டத்துக்குச் சுமார் 30 விநாடி. அதற்குள் கையைத் தொலைநோக்கியிலிருந்து எடுத்து, மூச்சு விட்டு, ஆட்டம் அடங்கவும் ஓரிரு விநாடி போகும், ஆகவே கிரகம் படத்துக்குள் நுழையும் முன்பே பதிவைத் தொடங்கிவிடு. மூன்று ஓட்டம் எடு. இடையில் திருப்புகிற நேரத்தோடு இரண்டு நிமிடக் கணக்குக்குள் முடியும்.

ஒளிபடும் நேரம் வியாழனுக்கு 8 முதல் 10 மில்லிவிநாடி. ஹிஸ்டோகிராம் 60, 70 சதவீதத்தில் நிற்கும்படி கெயினை, அதாவது கமெராவின் உணர்திறனைக் கூட்டு. பிரேம் ஒவ்வொன்றும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், பயப்படாதே. விநாடிக்கு 100 பிரேம் என்றால் மூன்று ஓட்டத்தில் 9000. அதில் நல்ல நாலில் ஒன்றை, 2250 பிரேமை, அடுக்கினால் இரைச்சல் ஏறக்குறைய 47 மடங்கு குறையும். ஆனால் 30 மில்லிவிநாடி வைத்து எடுத்த பிரேமில் காற்றின் நெளிவு பதிந்துவிட்டால் எத்தனை ஆயிரம் அடுக்கினாலும் அது போகாது. இருட்டான கூர்மையான பிரேம் நமக்கு வேண்டும், வெளிச்சமான மங்கல் பிரேம் வேண்டாம். சனிக்கு மட்டும் வேறு வழியில்லை, 20, 30 வரை போகத்தான் வேண்டும்.

எஸ்இஆர் என்கிற வீடியோக் கோப்பு வடிவில், நிறம் பிரிக்காத மூலத் தரவாகச் சேமி. ஓர் ஓட்டத்துக்கு மூன்றரை ஜீபி வரும். மூன்று ஓட்டத்துக்குப் பத்துக்கு மேல். லெப்டொப்பின் பழைய சுழலும் தட்டு (ஹார்ட் டிஸ்க்) இந்த வேகத்தில் எழுதாது, பிரேம்களைச் சத்தமில்லாமல் கைவிடும். பதிவு செய்கிற ஷார்ப்கேப் மென்பொருளின் அடியில் கைவிட்ட பிரேம் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் முதலில் தட்டையும், பிறகு யூஎஸ்பி கேபிளையும் சந்தேகப்படு.

ஐந்து மடங்கு பார்லோ வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். பிக்சல் அளவை ஐந்தால் பெருக்கு: 2.9க்கு 14.5 வரும். உன் குவிய விகிதம், அதாவது குவியத்தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தது, அந்த எண்ணை ஒட்டி இருந்தால் போதும். இப்போது 12இல் இருக்கிறாய். ஐந்து மடங்கு போட்டால் 30 ஆகும், வெளிச்சம் ஆறில் ஒன்றாகும், வியாழன் பெரிய மங்கல் தோசையாகும்.

வரும் பெப்ரவரிக்குத் தயாராகு. 2027 பெப்ரவரி 10ஐ ஒட்டி வியாழனும், 19ஆம் தேதியை ஒட்டி செவ்வாயும் சூரியனுக்கு நேரெதிரே வருது. செவ்வாய் மக நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும், வியாழன் அதற்கு மேற்கே பத்துப் பாகைக்குள். மாசி மகத்து நிலாவும் வந்து சேரும், அதைப்பற்றிக் கவலை வேண்டாம், கிரகப் படத்தை நிலா வெளிச்சம் கெடுக்காது. உன் பக்கத்தை வடகிழக்கு மழை டிசம்பர், ஜனவரியில் நனைத்துவிட்டு அந்த நேரத்தில்தான் விடும்.

இந்த முறை செவ்வாய் தூரத்தில் இருக்கு, 13.8 விகலைதான், உன் சில்லில் 55 பிக்சல். அதனால் சோர்ந்துவிடாதே. வட துருவம் நம் பக்கம் சாய்ந்திருக்கும், வெள்ளைத் தொப்பி சின்னதாகத் தெரியும். செவ்வாய் ஒரு சுற்றுச் சுற்ற 24 மணி 37 நிமிடம் எடுக்கும். தினமும் ஒரே நேரத்தில் எடுத்தால் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறும், முழுவதையும் பார்க்க ஐந்து, ஆறு கிழமை வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நடு இரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வியாழன் உச்சிக்கு எட்டுப் பாகை தூரத்துக்கு வந்துவிடும். மரப்பெட்டித் தாங்கிக்கு அந்த இடம் ஆகாது. நிமிர்ந்து நிற்கிற குழாயைப் பக்கவாட்டில் தள்ளினால் பெட்டிதான் சுழலும், கிரகம் பக்கத்தில் வராது. பத்து மணியிலிருந்து பதினொன்றே கால் வரை எடு, அப்போது 55 முதல் 73 பாகை உயரம். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு ஒன்றரைக்கு மேல் மறுபக்கத்தில் பிடி.

பஸ்ஸில் நுவரெலியா, வெலிமடை வளைவெல்லாம் தாண்டிப் போன தொலைநோக்கி அது. ஆடிகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்காது. கிரகத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியாது, மகத்தைப் பிடி. 200 மடங்குக்கு மேல் பெருக்கி, குவியத்திலிருந்து கொஞ்சம் விலக்கு. வளையங்களின் நடுவில் சின்ன ஆடியின் கறுப்பு நிழல் தெரியும். அது ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பின்னால் உள்ள மூன்று திருகில் ஒன்றை எட்டில் ஒரு சுற்று திருப்பு, நட்சத்திரம் நகரும், திரும்ப நடுவுக்குக் கொண்டு வந்து பார். ஓரத்தில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லாதே, ஓரத்தில் எந்த ஆடியும் வால் காட்டும்.

அதே வளையங்களுக்குள் புகை மாதிரி ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தால் ஆடி இன்னும் ஆறவில்லை. அறைக்குள் 20 பாகையில் இருந்த கண்ணாடியை 12 பாகைக் குளிருக்குக் கொண்டு வந்தால் ஒரு மணித்தியாலமாவது வேண்டும். பொழுது சாயும்போதே வெளியில் வை. கணினிக்குள் இருக்கிற 12 வோல்ட் விசிறி ஒன்றை ஆடிக்குப் பின்னால், உலோகம் தொடாமல் இறப்பர் பட்டியில் தொங்கவிட்டால் நேரம் பாதியாகும்.

வைக்கிற இடத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் தவறு செய்கிறது. வாசல் சிமெந்து வசதிதான், ஆனால் பகல் வெயிலை நடுச்சாமம் வரை திருப்பித் தரும். புல் தரையில் வை. எந்தப் பக்கம் பார்க்கிறாயோ அந்தப் பக்கத்தில் குசினிப் புகைபோக்கி இருக்கக் கூடாது. விறகு அடுப்பின் சூடு புகை கண்ணுக்குத் தெரியாத உயரத்திலும் காற்றைக் கலக்கும். விடியப்புறம் நாலு மணிக்குத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் அடுப்பு மூட்டத் தொடங்கினதும் பள்ளத்துப் பக்கம் நெளியத் தொடங்கும். மலைச் சரிவின் அடியில் குளிர்காற்று வழிந்து வந்து தேங்கும், சரிவின் நடுப்பகுதி நல்லது. முகட்டைத் தாண்டிக் காற்று விழுகிற பக்கத்தைத் தவிர்.

வானம் கண்ணாடி மாதிரித் துலக்கமாய், நட்சத்திரம் எல்லாம் துடிக்கிற இரவில் ஆசைப்படாதே, மேலே காற்று ஓடுது. மெல்லிய பனிமூட்டம் போட்டு, நட்சத்திரம் அசையாமல் கொஞ்சம் மங்கலாய் நிற்கிற இரவுதான் நம்முடையது. நம்மைப் போலவே வெப்பவலயத்தில், பிலிப்பைன்சின் செபு நகரில் இருக்கிற கிறிஸ்டோபர் கோ, வியாழனின் வெள்ளை முட்டைப் புயல் ஒன்று சிவப்பாய் மாறியிருந்ததை 2006 பெப்ரவரியில் தன் படத்தில் கண்டு உலகுக்குச் சொன்னார். அவரும் தொழில் முறை வானியலாளர் அல்ல.

குவியம் பிடிக்கும்போது குமிழில் உடுப்புக் கிளிப் ஒன்றைக் கவ்வ வை. விரலால் குமிழைப் பிடித்தால் படம் துள்ளும், கிளிப்பின் நுனியைத் தட்டினால் மயிரிழை அளவு திரும்பும். வியாழனின் நிலாக்களில் ஒன்றை ஆகச் சின்னதாக்கு, அதுதான் குவியம். அரை மணிக்கு ஒரு தடவை திரும்பப் பார், குளிரக் குளிரக் குழாய் சுருங்கும்.

எடுத்ததைப் பிப் மென்பொருளில் போட்டால் ஓடுகிற கிரகத்தை நடுவில் நிறுத்தி 400க்கு 400 ஆக வெட்டித் தரும். ஆட்டோஸ்டாக்கெர்ட்டில் அடுக்கி, ரெஜிஸ்டாக்ஸில் கூர்மையாக்கு. கூர்மையாக்கும் பட்டையை இழுக்கும்போது விளிம்புக்கு உள்ளே இன்னொரு விளிம்பு முளைத்தால் அளவு மீறிவிட்டது. செவ்வாயில் இது சீக்கிரம் வரும். ஒரு இரவு கழித்துப் பார்த்துவிட்டு அனுப்பு, அன்றைய இரவின் கண்ணுக்கு எல்லாம் அழகாகத்தான் தெரியும்.

தோட்டத்துப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் என்று கேள்விப்பட்டேன். தேயிலைக்கு முதுகு காட்டி உட்காராதே, வீட்டு வாசல் லைட் எரியட்டும், கிரகத்துக்கு அது தடை இல்லை. கம்பளி எடுத்துக்கொள்.

முடிந்ததும் நனைந்த குழாயை உடனே மூடாதே. மூடி திறந்தபடியே அறையில் காயவிட்டு மறுநாள் மூடு, இல்லாவிட்டால் ஆடியில் பூஞ்சணம் பிடிக்கும். பார்லோப் பெட்டிக்குள் சிலிக்கா பை மூன்று போட்டிருக்கேன். நீல மணிகள் ரோஜா நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சூடு காட்டினால் திரும்ப நீலமாகும், ஆனால் சமைக்கிற சட்டியில் போடாதே, அந்த நீலம் நஞ்சு. பழைய தகர மூடி ஒன்றையும் பையோடு சேர்த்து வைத்திருக்கேன்.

அன்புடன்,
அம்மா
ஹட்டன்