பந்தயத் தடத்தில் ஓடும் காரின் பிறேக் பேட்: தடிப்பை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்ப் பந்தயத்தில் நாட்டம் கொண்ட யாழ்ப்பாணத்து இளைஞர்களைப் பற்றித் தங்கள் பத்திரிகையின் வார வெளியீட்டில் அண்மையில் வந்த கட்டுரையை வாசித்தேன். எஞ்சினின் வலுவைக் கூட்டுவது, சைலன்சரை மாற்றுவது, அகலமான ரயர் போடுவது எனப் பலவற்றை விரிவாக எழுதிய கட்டுரையாளர், சில்லோடு சுழலும் டிஸ்க் என்னும் தட்டை இரு பக்கமும் அழுத்தி அவ்வளவு வேகத்தையும் அடக்க வேண்டிய பிறேக் பேட்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக வாகனம் திருத்தியும், பின்னர் அத்தொழிலைக் கற்பித்தும் வந்தவன் என்ற முறையில் அவர் விட்ட இடத்தை நிரப்ப விரும்புகிறேன்.

எங்களுடையது மட்டமான நிலம். கொக்குவிலிலிருந்து பருத்தித்துறை வரை ஓடினாலும் பிறேக்கைத் தொடர்ந்து மிதிக்க வேண்டிய ஓர் இறக்கம் வராது. ஆகையால் இங்குள்ள கராஜ்களில் பேட்டைப் பரிசோதிப்பதென்றால், எத்தனை மில்லிமீற்றர் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதே வழக்கம். 3 மில்லிமீற்றருக்கு இறங்கினால் மாற்று, அதற்கு மேல் இருந்தால் ஓடு என்பதே கணக்கு. கடைக்கும் கோயிலுக்கும் போய்வரும் காருக்கு அந்தக் கணக்கில் பிழையில்லை. நுவரெலியா போய் றம்பொடைப் பக்கமாக இறங்கி வந்தவர்களுக்கு மட்டும், சில்லிலிருந்து எழும் அந்தக் கருகல் மணம் தெரிந்திருக்கும். பந்தயத் தடத்தில் ஓடும் கார் அந்தச் சூட்டையும் தாண்டிய சூட்டை ஒவ்வொரு சுற்றிலும் காண்கிறது.

சூடு எவ்வளவு என்பதைக் கணக்காகவே சொல்லலாம். 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 60 கிலோமீற்றருக்குக் குறையும்போது பிறேக்குகள் வெப்பமாக மாற்ற வேண்டிய சக்தி ஏறத்தாழ 500 கிலோயூல் ஆகும். ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அடுப்பில் பல நிமிடம் எடுக்கும் அந்த வேலையை, பெரும்பங்கு முன்சில்லு இரண்டின் மீதே விழ, இரண்டு மூன்று விநாடிக்குள் செய்துவிட்டு, டிஸ்க் ஆறுமுன் அடுத்த வளைவில் மீண்டும் செய்ய வேண்டும். வேகம் இரு மடங்கானால் இந்தச் சூடு நான்கு மடங்காகும் என்பதை எஞ்சினுக்கு வலுக்கூட்டும் தம்பிமார் நினைவில் வைத்திருப்பது நல்லது.

என் தமக்கையின் மகன் கடந்த வருடம் களுத்துறைப் பக்கத்துக் கட்டுகுருந்தைத் தடத்தில் பயிற்சி ஓட்டத்துக்குப் போனான். போகுமுன் அவனது கராஜில் சில்லைக் கழற்றாமல் அதன் இடைவெளியூடாக டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பேட் இன்னும் பாதிக்கு மேல் இருக்கு, பயப்பிடாமப் போங்கோ" என்று அனுப்பியிருக்கிறார்கள். ஆறாவது சுற்றிலோ ஏழாவது சுற்றிலோ பெடல் தரைவரை இறங்கிவிட்டது. முன்னால் வெட்டவெளி இருந்தபடியால் கார் புல்லுக்குள் ஓடி நின்றது. திரும்பி வந்ததும் என் வீட்டு முற்றத்து மாமரத்தடியில் ஜக் வைத்துத் தூக்கி, முன்சில்லைக் கழற்றி, பேட்களைப் பிடித்திருக்கும் கலிப்பரைத் திறந்தோம். டோர்ச்சுக்குத் தெரிந்த வெளிப்பக்கப் பேட்டில் 7 மில்லிமீற்றர் இருந்தது. டோர்ச்சுக்குத் தெரியாத உட்பக்கப் பேட்டில் 4 மில்லிமீற்றர்தான் இருந்தது, அதுவும் ஆப்புப்போல் ஒருபக்கம் சரிந்து தேய்ந்திருந்தது. அதன் முகம் மெழுகு பூசிய தரையைப் போல மினுங்கியது. நகத்தால் கீறிப் பார்த்தேன், கோடு விழவில்லை. ஓரங்கள் திருநீறுபோல் வெளுத்து, விரல் பட்டதும் உதிர்ந்தன. பேட்டைத் தள்ளும் பிஸ்டனை மூடியிருந்த றப்பர் புழுக்கொடியலைப் போல் இறுகி வெடித்திருந்தது. பெடல் மிதியின் அழுத்தத்தைப் பிஸ்டனுக்குக் கொண்டுபோகும் பிறேக் ஒயில் பிளேன்ரீ நிறத்தில் இருந்தது.

உட்பக்கம் மட்டும் இப்படித் தேய்ந்ததற்குக் காரணம், கலிப்பர் வழுக்கி ஓட வேண்டிய ஆணிபோன்ற பின்கள் துருப்பிடித்து இறுகியிருந்ததே. அவன் வீடு குருநகரில், கடற்காற்று நேரே வந்து அடிக்கும் இடத்தில் இருக்கிறது. கரையோரத்தில் நிற்கும் கார்களுக்கு அந்தப் பின்களைக் கழற்றித் துடைத்து, பிறேக்குக்கென்றே விற்கப்படும் சூடு தாங்கும் கிறீஸைப் பூசுவது, தடத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய வேலை. சாதாரணக் கிறீஸ் உருகி வழிந்து பேட்டில் பட்டால், பிறகு அந்தப் பேட்டுக்கு மருந்தில்லை.

தடத்தில் பிறேக் கைவிடுவது இரண்டு விதமாக நிகழும். இரண்டையும் பிரித்தறியாமல் ஆளாளுக்குப் பேட்டை மாற்றிக்கொண்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பெடல் கல்லுப்போல் இறுக்கமாக இருந்தும் கார் நிற்க மறுத்தால், பேட் தான் தாங்கக்கூடிய சூட்டைத் தாண்டிவிட்டது என்று பொருள். பேட்டைக் கட்டியிருக்கும் பிசின் எரிந்து வாயுவாகி, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையிலுள்ள பிடிமானத்தைக் கெடுக்கிறது. பெடல் பஞ்சுபோல் மெதுமெதுவென்று இறங்கினால், ஒயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகிவிட்டது என்று பொருள். மருமகனுக்கு நேர்ந்தது பின்னது. ஆனால் அதற்கும் பேட்டே வழிவிட்டது. பேட் தடிப்பாக இருக்கும்வரை டிஸ்கின் சூட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் அது ஒரு சுவராக நிற்கிறது. தேயத் தேய அந்தச் சுவர் மெலிந்து, சூடு பின்தகட்டைக் கடந்து பிஸ்டனுக்கும், அங்கிருந்து ஒயிலுக்கும் போய்ச் சேர்கிறது. தெருவுக்கு 3 மில்லிமீற்றர் போதும் என்ற கணக்குத் தடத்தில் செல்லாமற் போவது இதனாலேயே. புதுப் பேட்டில் 10 அல்லது 12 மில்லிமீற்றர் இருக்குமாயின், பாதி தேய்ந்ததும் அதைத் தடத்துக்குக் கொண்டுபோகாமல் விடுவதே என் வழக்கம். வீசத் தேவையில்லை, நன்றாக இருந்தால் தெரு ஓட்டத்துக்குப் பாவிக்கலாம்.

ஒயிலைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 (DOT 4) என்ற தரக்குறி இடப்பட்ட ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான அளவு 155 பாகைதான். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த குடாநாட்டில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தடத்துக்குப் போகுமுன் பழைய ஒயிலை முழுதாக வெளியேற்றிப் புதியது விடுவது, விலைகூடிய பேட் வாங்குவதைவிட முதலில் செய்ய வேண்டிய காரியம்.

பேட் தெரிவில் இங்கு நிலவும் மயக்கம் ஒன்றுண்டு. பல பேட்களின் ஓரத்தில் எஃப் எஃப், ஜீ ஜீ என்று இரண்டு எழுத்துகள் அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரண நிலையின் உராய்வையும், இரண்டாவது சூடேறிய நிலையின் உராய்வையும் குறிக்கும். எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் குறைந்த உராய்வைக் குறிப்பதாக இருந்தால், சூட்டில் பிடிமானம் குறையும் என்று அந்தப் பேட்டே சொல்லுகிறது. ஆயினும் அந்த எழுத்துகள் தெரு ஓட்டத்தை எண்ணி இடப்பட்டவை. எத்தனை பாகைவரை தாங்கும் என்பதற்குத் தயாரித்தவர் தரும் அளவையே பார்க்க வேண்டும். இனி, தடத்துக்கென்றே செய்த பேட்களை ஆசைப்பட்டு வாங்கி அப்படியே நல்லூர்த் தேருக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றுட் பல, சூடேறுமுன் சரியாகப் பிடிப்பதில்லை; டிஸ்க்கையும் விரைவில் தின்றுவிடும். சனநெருக்கத்துக்குள் முதல் மிதியிலேயே நிற்க வேண்டிய காருக்கு அவை ஆகாதவை.

புதுப் பேட்டைக் கொழுவியவுடன் முழு வேகத்தில் ஓடலாகாது. நடுத்தர வேகத்திலிருந்து முற்றாக நிறுத்தாமல் பல தடவை படிப்படியாக அழுத்திக் குறைத்து, பேட்டின் மெல்லிய படை டிஸ்கில் சீராகப் படியவிட்டு, பின்னர் நன்றாக ஆறவிட வேண்டும். ஓட்டம் முடியும்போது கடைசிச் சுற்றைப் பிறேக் தொடாமல் மெதுவாக ஓடி, நிறுத்திய பின் பெடலை மிதித்துக்கொண்டு நில்லாமலும், ஹாண்ட் பிறேக் இழுக்காமலும், சில்லுக்குக் கல் வைத்து விடுவதே முறை. சூடான டிஸ்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் தழும்புபோல் படை ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஓட்டத்தில் ஸ்டியரிங் நடுங்குவதைக் கண்டு "டிஸ்க் வளைஞ்சிட்டுது" என்று சொல்லுவார்கள். பெரும்பாலும் வளைந்திராது. கழற்றும்போது கொம்பிறசரால் தூசியை ஊதும் பழக்கத்தையும் கராஜ்காரர் விட வேண்டும். பழைய பேட்களில் கல்நார் கலந்திருந்தது, அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது.

2024 ஏப்பிரல் 21ஆம் திகதி தியத்தலாவைக் கார்ப் பந்தயத்தில் கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் உயிரிழந்த பின்னர், பார்வையாளரின் பாதுகாப்பைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. அந்த விபத்தைப் பிறேக்கோடு நான் முடிச்சுப்போட வரவில்லை. ஆனால் தடத்துக்குப் போகும் காரின் சில்லுகளைக் கழற்றி, நான்கிலும் உட்பக்கப் பேட், வெளிப்பக்கப் பேட் இரண்டினதும் தடிப்பை எழுத்தில் குறித்துக் கொடுக்கும் வழக்கம் எங்கள் கராஜ்களில் இன்னமும் வரவில்லை. அரை மணித்தியால வேலைக்கு ஒரு கடதாசியும் ஓர் அளவுகோலும் போதும்.

உதிரிப்பாகக் கடைக்காரரிடமும் ஒரு வேண்டுகோள். பெரிய தகரத்தைத் திறந்துவைத்து, கேட்பவருக்குக் கேட்ட அளவில் பிறேக் ஒயிலைப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மருமகனின் காரில் இருந்ததும் அப்படி வாங்கிய ஒயில்தான். முத்திரை உடைக்காத அரை லீற்றர் தகரங்களாகவே விற்குமாறு அவர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வாகனத் தொழில்நுட்பப் பயிற்றுநர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.