உடைந்த பல்புகள் வாவிக்கரைக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லடிப் பக்கம் வாவிக்கரையோரம் நடந்து போனால் மீன் தலை, பம்பர்ஸ், யோகட் கோப்பைகளுக்கு நடுவே நீளமான ரியூப் லைற்றுகளும் சுருள் சி.எப்.எல். பல்புகளும் கிடக்கின்றன, பாதி உடைந்து, உள்ளே இருந்த வெள்ளைத் தூள் மண்ணில் கொட்டியபடி. இந்த பல்புகளுக்குள் பாதரசம் இருக்கிறது. ஒன்றில் சில மில்லிகிராம்தான், சரி, ஆனால் பாதரசம் மக்கிப் போகிற பொருள் இல்லையே. சேற்றிலுள்ள பக்டீரியாக்கள் அதை மெதைல் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக மாற்றுகின்றன, சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது உடம்பில் கூடிக்கொண்டே போகும், எவ்வளவு கொதிக்க வைத்துக் குழம்பு வைத்தாலும் போகாது.

ஜப்பானில் மினமாட்டாவில் இதே மெதைல் பாதரசம் கொண்ட ஒரு தொழிற்சாலைக் கழிவு கடலில் கலந்தது; 1956இல் நோய் வெளியே தெரியுமுன்பே ஆடிவிழுந்தவை மீன் தின்ற பூனைகள். அப்புறம் மனிதர்கள்: கைகால் விறைப்பு, பார்வை சுருங்குதல், நாக்குழறல். தாய் ஓரளவு நன்றாக இருக்க, வயிற்றுப் பிள்ளை பாதிக்கப்பட்டுப் பிறந்தது. நம் வாவி அந்த நிலையில் இருக்கிறதென்று நான் பயமுறுத்தவில்லை. மீன் சாப்பிடுவதை விடவும் வேண்டாம். கர்ப்பிணிகள் பெரிய சுறாவைத் தவிர்த்து நெத்தலி, சூடை சாப்பிடட்டும்.

பல்பு வீட்டில் உடைந்தால் விளக்குமாறால் கூட்டாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு, தடித்த காகித மட்டையால் அள்ளிப் போத்தலில் போட்டு மூடுங்கள். ஆனால் அந்தப் போத்தலை எங்கே கொடுப்பது? பல்பு விற்கும் கடைகளிலேயே பழையதைத் திருப்பி வாங்க ஒரு பெட்டி வைக்கச் சொல்லி உள்ளூராட்சி சபைகள் உத்தரவிடலாமே.

வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு