கேடயத்தில் இருப்பது ரகசியச் செய்தி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் தனிமனிதர்களின் கேடயச் சின்னங்களைப் பற்றி, அதாவது ஐரோப்பிய மரபில் ஒருவருக்கோ குடும்பத்துக்கோ அடையாளமாக வழங்கப்படும் கேடய வடிவச் சின்னங்களைப் (coat of arms) பற்றி, வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத விஷயம் இது. எடுத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு தகவல் தவறாக இருக்கிறது, ஒரு முக்கியமான சின்னம் விடுபட்டும் போயிருக்கிறது. முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் அந்த இரண்டையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் தவறு. 2010இல் கனடாவின் தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்ற டேவிட் ஜான்ஸ்டனின் சின்னத்தில், கீழே அலைபோல ஒரு பட்டை ஓடும். அதில் வெறும் 0, 1 என்று எண்கள். அதற்குள் யாரும் இன்னும் அவிழ்க்காத ரகசியச் செய்தி இருப்பதாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்தச் சின்னம் வெளியான நாட்களிலேயே பலர் அதை அவிழ்க்கப் பார்த்தார்கள். தலைமை ஆளுநரின் மாளிகையிலிருந்து வந்த பதில், அதில் செய்தி எதுவும் கிடையாது, எண்கள் தோராயமாக அடுக்கப்பட்டவை என்பதுதான். கணினிப் படிப்புக்குப் பேர்போன வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர் ஜான்ஸ்டன். தகவல் தொடர்பு, அறிவுப் பரிமாற்றம் ஆகியவற்றின் அடையாளமாகவே அந்தப் பட்டையைச் சேர்த்திருக்கிறார்கள்.

கட்டுரையைப் படித்த அன்று ராத்திரி நானும் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 110010111001001010100100111010011. எண்ணிப் பார்த்தால் 33 இலக்கங்கள். கணினியில் ஓர் எழுத்துக்கு எட்டு இலக்கம் என்று பிரித்தால் நான்கு எழுத்து வந்து, ஓர் இலக்கம் மிஞ்சுகிறது. ஏழு ஏழாகப் பிரித்தால் ஐந்து மிஞ்சுகிறது. அப்புறம் கடைசியிலிருந்து திருப்பி எழுதினேன். அதே வரிசை! 'விகடகவி' மாதிரி எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். நடுவில் ஒரு 1, அதற்கு இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல 16, 16 இலக்கங்கள். ஓவியத்தின் சமச்சீருக்காக அமைத்தது என்றுதான் எனக்குப் படுகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். குறியீட்டு எண்களைப் போடுவது என்று முடிவு செய்தபின், ஜான்ஸ்டனின் 'மேலானதை எண்ணிப் பார்' என்ற பொருள்படும் லத்தீன் வாசகத்தையாவது அதில் எழுதியிருக்கலாம். பார்க்கிறவர் படிக்க முயல்வார் என்று தெரிந்தே போடுகிற எழுத்தில் ஒரு சொல்லாவது இருக்க வேண்டாமா?

கேடயச் சின்னத்தில் ஒளித்து வைப்பது என்ற வழக்கமே வேறு வகை. பெரும்பாலும் அது சிலேடை. இங்கிலாந்தின் மறைந்த ராஜமாதா எலிசபெத் பிறந்த போவ்ஸ்-லயன் குடும்பத்தின் கேடயத்தில் வில்லும் சிங்கமும் இருக்கும். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை உரக்கச் சொன்னால் காரணம் புரிந்துவிடும். ஷேக்ஸ்பியர் குடும்பத்துக்கு 1596இல் கிடைத்த சின்னத்தில் ஈட்டி (ஸ்பியர்). இளவரசி பியாட்ரிஸின் சின்னத்தில் தேனீக்கள் (பீ). கேட் மிடில்டனின் ஓக் கொட்டைகள் மூன்றும் அவரையும் உடன்பிறந்த இருவரையும் குறிப்பவை. பால் மெக்கார்ட்னியின் கேடயத்தில் செங்குத்தாக ஓடும் ஆறு பட்டைகளைக் கித்தாரின் ஆறு தந்தி என்று கண்டுகொள்ள இசை தெரிந்திருக்கக்கூட வேண்டாம். பிரிட்டிஷ் நாடாளுமன்ற சபாநாயகராக இருந்த ஜான் பெர்கோ, டாக்சி ஓட்டுநரின் மகன். அவர் கேடயத்தில் ஓர் ஏணி நிற்கிறது. இவற்றில் எதுவுமே பூட்டி வைத்த ரகசியம் இல்லை. தெரிந்தவர் பார்த்தால் சிரிப்பார், தெரியாதவருக்கு விளக்கம் பதிவேட்டிலேயே இருக்கும்.

இனி விடுபட்டதற்கு வருகிறேன். இயற்பியலாளர் நீல்ஸ் போரைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். 1947இல் டென்மார்க்கின் யானை விருது கிடைத்தபோது அவர் சீனர்களின் யின்-யாங் வட்டத்தைக் கேடயத்தில் வைத்து, 'எதிரானவை ஒன்றையொன்று நிறைவு செய்பவை' என்று லத்தீனில் எழுதச் செய்தார். ஆனால் அணு இயற்பியலின் முன்னோடி எர்னஸ்ட் ரூதர்போர்டு எங்கே? நவீன அறிவியல் ஒரு கேடயத்துக்குள் இத்தனை அழகாக வந்து உட்கார்ந்த இன்னொரு சின்னத்தை நான் பார்த்ததில்லை.

1931இல் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. அவருடைய கேடயத்தைச் சிவப்பும் பொன்னிறமுமாக நான்கு பகுதிகளாகப் பிரிக்கின்றன இரண்டு வளைகோடுகள். சும்மா பார்க்கிறவருக்கு அது வளைந்த பெருக்கல் குறி. உண்மையில் அது ஒரு வரைபடம். 1901 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியலில் ரூதர்போர்டும் வேதியியலாளர் சாடியும் கதிரியக்கத் தனிமமான தோரியத்திலிருந்து 'தோரியம் எக்ஸ்' என்று பெயரிட்ட ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கதிரியக்கத்தில் பெரும்பகுதி அதோடு போய்விட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து திரும்பி வந்து பார்த்தால், பிரித்தெடுத்த பொருள் தன் கதிரியக்கத்தை இழந்திருந்தது, தோரியமோ இழந்ததைத் திரும்பப் பெற்றிருந்தது. நாள்வாரியாக அளந்து வரைந்தபோது ஒரு கோடு இறங்கியது, இன்னொன்று அதே வேகக் கணக்கில் ஏறியது. சுமார் நான்கு நாளில், சரிபாதியில், இரண்டும் சந்தித்தன. ஒரு தனிமம் தானாகவே இன்னொன்றாக மாறுகிறது என்று அவர்கள் முடிவுக்கு வர அடிப்படையாக நின்ற கோடுகள் அவை. முப்பது வருடம் கழித்து அவற்றையே தன் கேடயத்தில் வைத்துக்கொண்டார் ரூதர்போர்டு.

மற்றதையும் பாருங்கள். கேடயத்தின் ஒரு பக்கம் ரசவாதிகளின் ஆதிகுரு ஹெர்மிஸ் ட்ரிஸ்மெஜிஸ்டஸ், மறுபக்கம் ரூதர்போர்டு பிறந்த நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி இன வீரன், உச்சியில் கிவிப் பறவை. ஓர் உலோகத்தை இன்னொன்றாக மாற்ற ரசவாதிகள் காலமெல்லாம் உலை ஊதினார்கள். இயற்கையில் அந்த மாற்றம் தானாகவே நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டியவர், அவர்களின் குருவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். எனக்கு இந்தப் பணிவு மிகவும் பிடிக்கும்.

இங்கே மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் தோரியம் உண்டு என்று நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் அரை ஆயுட்காலம் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம்) நடத்தும்போது இந்தக் கேடயத்தைத்தான் கரும்பலகையில் முதலில் வரைவேன். சிவப்பு சாக்பீஸில் ஒரு கோடு, மஞ்சளில் ஒரு கோடு. "சார், எக்ஸ் கோணலாயிருக்கு" என்று முதல் பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான் ஒரு வருடம். அவனையே கூப்பிட்டு, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து கீழே ஸ்கேலை வைத்து நாளைப் படிக்கச் சொன்னேன். "நாலு நாள்" என்றான். அந்த வகுப்பில் அரை ஆயுட்காலத்தை யாருக்கும் மறுபடி விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஜான்ஸ்டன் சின்னத்தைப் பற்றிய வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். மாணவர்கள் அதைத் தேர்வுக்கும் பேச்சுப் போட்டிக்கும் எடுத்துக்கொள்வார்கள். அப்படியே ரூதர்போர்டின் சின்னத்தை வண்ணத்தில், அரைப் பக்கத்துக்காவது போடுங்கள். கறுப்பு வெள்ளையில் போட்டால் சிவப்பும் பொன்னும் ஒரே சாம்பலாகி அந்தக் கோடுகள் தெரியாமல் போய்விடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
நாகர்கோவில்